அறைத்தோழர்

அறைத்தோழர் அல்லது அறைநண்பர் என்பவர், குடும்ப உறவோ மண உறவோ இன்றி, ஓர் அறையையோ வீட்டையோ மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டு, அதற்கான செலவிலும் பங்கேற்று வாழ்பவர் ஆவார். பேச்சு வழக்கில் "ரூம்மேட்" என்ற சொல்லே பரவலாகப் பயன்படுகின்றது. கல்வி, வேலை, வேலை தேடல் ஆகிய காரணங்களால் சொந்த ஊரை விட்டு வெளியேறும் இளைஞர்கள் பலருக்கும் இது சில ஆண்டுகள் நீடிக்கும் வாழ்க்கை முறையாக உள்ளது. தமிழ்நாட்டில் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு சென்னை திருவல்லிக்கேணியின் மேன்சன்கள் ஆகும்.

அறைத்தோழரைத் தேடும்போது ஊர், உறவு, சாதி, உணவுப் பழக்கம் ஆகியவை முதலில் பார்க்கப்படுகின்றன. சேர்ந்து வாழத் தொடங்கிய பின்னர் எழும் பிணக்குகளோ பெரும்பாலும் பணம், வெளிச்சம், தண்ணீர், துப்புரவு ஆகியவற்றைப் பற்றியவையாக இருக்கின்றன. தேடும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கும் பின்னர் தேவைப்படும் விடைகளுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியே அறைத்தோழர் பற்றிய பல சிக்கல்களுக்கு அடிப்படை எனலாம்.

முன்னோடி வழக்கங்கள்

உறவினர் அல்லாதோர் ஒரே கூரையின் கீழ் செலவைப் பகிர்ந்து வாழ்வது தமிழர்களுக்குப் புதியதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வட்டித் தொழில் நடத்திய காலத்தில் அவர்களின் முகவர்கள் "கிட்டங்கி" எனப்படும் நீண்ட கூடங்களில் தங்கினர். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகள் பெயர்பெற்றவை. ஒவ்வொரு கடைக்கும் உயரம் குறைந்த ஒரு மேசையும் பெட்டியும் வைக்கும் அளவுக்குத் தரையில் இடம் ஒதுக்கப்பட்டது. பகலில் அங்கேயே கொடுக்கல் வாங்கல் நடக்கும். இரவில் அதே இடத்தில் பாய் விரித்து உறங்குவர். சமையலுக்குப் பொதுவில் ஆள் அமர்த்தப்பட்டிருந்தார். ஒரே தொழிலில் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்கள் ஒரே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. யாருடைய இடம் எதுவரை, யார் எவ்வளவு தரவேண்டும் என்பன தெளிவாக இருந்ததே இதற்குத் துணைநின்றிருக்க வேண்டும். ஆனால் அனைவரும் ஒரே சமூகத்தவர் என்பதையும் மறக்கலாகாது. நகரச் சீரமைப்பின்போது மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன.

வெவ்வேறு சமூகத்தவர் சேர்ந்து உண்டு உறைய வேண்டிய இடங்களில் நிலைமை வேறாக இருந்தது. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் நடைபெற்றது. பொது நிதியில் இயங்கிய அக்குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது தெரியவந்தபோது தமிழ்நாடு முழுவதும் பெரும் சர்ச்சை எழுந்தது. பி. வரதராசுலு நாயுடு, ஈ. வெ. இராமசாமி முதலானோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1925 சூன் மாதத்தில் ஐயர் பாபநாசத்தில் அருவியில் மூழ்கி இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ. வெ. இராமசாமி காங்கிரசை விட்டு வெளியேறினார். குருகுல விவகாரம் அதற்கு முன்னோட்டமாக அமைந்தது. ஒரு மாணவர் விடுதியின் பந்தி வரிசை ஒரு மாநிலத்தின் அரசியலைத் தொட்ட நிகழ்வு இது.

உணவு அறைத்தோழர்களை இணைத்ததும் உண்டு. இலண்டனில் சட்டம் பயின்றபோது மோகன்தாசு காந்தி, சைவ உணவாளர் சங்கத்தைச் சேர்ந்த யோசையா ஓல்டுபீல்டுடன் அறைகளைப் பகிர்ந்து தங்கினார். ஒருவர் குசராத்தி இளைஞர், மற்றவர் ஆங்கிலேயர். ஊரோ மொழியோ அவர்களை இணைக்கவில்லை. தட்டில் இருந்த உணவே இணைத்தது.

ஆரணியில் அறை வாழ்க்கை

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த நகரம் ஆகும். இது பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இங்கு நெசவு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடைபெறும் தொழில். குழித்தறி எனில் நெசவாளரின் கால்கள் மிதிக்கட்டைகளை இயக்குவதற்காகத் தரையில் குழி தோண்டப்பட்டிருக்கும்; அதனை நினைத்தபோது நகர்த்த இயலாது. கூடத்தின் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்ள, எஞ்சிய இடத்தில் குடும்பத்தினர் சமைத்து, உண்டு, உறங்குகின்றனர். இத்தகைய வீடுகளில் "தனியறை" என்ற கருத்துக்கே இடம் குறைவு. அங்கு வளர்ந்தவர்கள் வெளியூரில் நால்வர் தங்கும் அறையைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை.

நகருக்கு அருகே தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி உள்ளது. வெளியூர் மாணவருள் விடுதியில் தங்காதோர் நகரில் இருவர் மூவராகச் சேர்ந்து அறை எடுக்கின்றனர். நெசவாளர் தெருக்களில் அறை எடுப்போர் வாடகையோடு மற்றொன்றையும் கேட்டறிவது நல்லது: பக்கத்து வீட்டில் தறி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதே அது. ஜக்கார்டுப் பெட்டியின் ஓசை சுவரைத் தாண்டிக் கேட்கும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டப்பட்டிருந்தால் அது முடியும்வரை இருசக்கர வண்டியை வெளியே எடுக்க முடியாது. இரவு நெடுநேரம் படிப்பவருக்கு இத்தெருக்கள் ஒத்துவருவதில்லை. அதிகாலையில் எழுபவருக்கு அலாரம் தேவைப்படாது.

நெசவின் வருவாய் குறைந்ததாலும் கல்வி பரவியதாலும் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தறியில் அமர்வதில்லை. அவர்கள் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னைக்கும், திருப்பெரும்புதூர், ஓசூர், பெங்களூர் ஆகிய இடங்களுக்கும் செல்கின்றனர். முதலில் செல்பவர் அறை பிடிப்பதும், அடுத்த ஆண்டு செல்பவர் அவ்வறையில் ஒட்டிக்கொள்வதும், மூன்றாமவர் வரும்போது முதலாமவர் திருமணமாகி வெளியேறுவதும் வழக்கம். வாடகை ஒப்பந்தத்தில் பெயருள்ளவர் எவரும் இப்போது அங்கு இல்லாத அறைகளும் இவ்வாறு உருவாகின்றன.

திருவல்லிக்கேணி மேன்சன்கள்

சென்னைத் தமிழில் "மேன்சன்" என்பது மாளிகையைக் குறிப்பதில்லை. திருமணமாகாத அல்லது குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்களுக்கு மாத வாடகைக்கு அறை விடும் கட்டடத்தையே அது குறிக்கின்றது. சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, கடற்கரையோர அரசு அலுவலகங்கள், அண்ணா சாலையின் வணிக நிறுவனங்கள் ஆகியவை நடந்து செல்லும் தொலைவில் இருந்தமையால் திருவல்லிக்கேணியும் சேப்பாக்கமும் இவற்றுக்கு ஏற்ற இடங்களாயின. சென்ட்ரல், எழும்பூர் ஆகிய இரு தொடருந்து நிலையங்களும் அருகில் உள்ளன. பாரதி சாலை, பெரிய தெரு, வல்லப அக்கிரகாரம் தெரு, அக்பர் சாகிப் தெரு ஆகியவற்றிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் மேன்சன்கள் நெருக்கமாக அமைந்துள்ளன.

மேன்சனின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. குறுகிய மனையில் மூன்று நான்கு மாடிகள், நடுவே நடைபாதை, இருபுறமும் அறைகள். ஒரு கட்டில் முதல் மூன்று நான்கு கட்டில் வரை உள்ள அறைகள் உண்டு. குளியலறையும் கழிப்பறையும் தளத்தின் கோடியில் பொதுவாக இருக்கும். வாயிலில் மேலாளர் மேசையும் சாவிப் பலகையும் காணப்படும். அறையில் சமைக்கக்கூடாது, பெண்களுக்கு அனுமதி இல்லை, விருந்தினர் தங்கினால் தனிக் கட்டணம் என்பன பொதுவான விதிகள். சமைக்கத் தடை இருப்பதால் மேன்சன்களைச் சுற்றி மெஸ்கள் வளர்ந்தன. அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் அவற்றுள் புகழ்பெற்றது; அங்கு டோக்கன் பெற்றுக் காத்திருந்து உண்பது பல தலைமுறை மேன்சன்வாசிகளின் அனுபவம்.

மேன்சன் முறையில் ஒரு நுட்பம் உள்ளது. வாடகை கட்டிலுக்கு வசூலிக்கப்படுகின்றது, அறைக்கு அன்று. எனவே பக்கத்துக் கட்டில்காரர் பணம் தராவிட்டால் அது மேலாளரின் சிக்கலாகவே இருக்கும். சமையல் இல்லாததால் அரிசி, எரிவாயு, பாத்திரம் பற்றிய தகராறுகளும் இல்லை. அறைத்தோழர்களுக்கிடையே வழக்கமாகச் சண்டை மூட்டும் இரண்டு பெரும் காரணங்களை மேன்சன் முதலிலேயே அகற்றிவிடுகின்றது. அறிமுகமற்ற இருவர் அங்கு ஆண்டுக்கணக்கில் ஒரே அறையில் வாழ முடிவதற்கு அவர்களின் குணப்பொருத்தத்தைவிட இந்த ஏற்பாடே காரணம் என்று கருத இடமுண்டு. எஞ்சும் பிணக்குகள் விளக்கு, மின்விசிறி, குறட்டை, குளியலறை வரிசை ஆகியவை.

குளியலறை வரிசை எளிய செய்தி அன்று. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றாக வறண்டன. அவ்வாண்டு சூன் மாதத்தில் மேன்சன்களிலும் விடுதிகளிலும் தண்ணீருக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. சில விடுதிகள் மூடப்பட்டுத் தங்கியிருந்தோர் வெளியேறினர். சில தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே பணியாற்றச் சொல்லின. அடுத்த ஆண்டு, 2020 மார்ச்சு 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது அறைவாசிகள் பெருமளவில் ஊர் திரும்பினர். ஆள் இல்லாத மாதங்களுக்கு வாடகை தரவேண்டுமா, சென்றவரின் பங்கை இருப்பவர் ஏற்க வேண்டுமா என்ற கேள்விகள் அப்போதுதான் பல அறைகளில் முதன்முறையாக எழுந்தன.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகப் பரவியதும் அறை தேடுவோரின் போக்கை மாற்றின. வேளச்சேரி, தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் ஆகிய பகுதிகளில் அடுக்குமாடி வீட்டைப் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுப்பதும், உணவோடு கூடிய தனியார் விடுதிகளும் பெருகின. இங்கு மேன்சனின் மேலாளர் இல்லை. வாடகை, சமையல், மின்கட்டணம், துப்புரவு அனைத்தும் அறைத்தோழர்களின் கைக்கு வந்தன.

தேடலும் விலக்கலும்

"நம்ம ஊர்ப் பையன்" என்ற பரிந்துரையே அறைத்தோழரைத் தேடும் மிகப் பழைய வழியாகும். அதற்கு நடைமுறைப் பயன் உண்டு. ஊர்க்காரர் பணம் தராமல் ஓடிவிட்டால் அவர் தந்தையிடம் கேட்கலாம். நோயுற்றால் ஊருக்குச் செய்தி சொல்ல ஆள் உண்டு. பிணையம் இல்லாதவர்களுக்கு ஊரே பிணையமாக அமைகின்றது. ஆயினும் ஊர் வழியாகத் தேடுவது பல நேரங்களில் சாதி வழியாகத் தேடுவதாகவே முடிகின்றது. "சைவம் மட்டும்" என்ற நிபந்தனையும் பல இடங்களில் உணவைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை.

வீட்டு உரிமையாளரின் தெரிவும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றது. சுக்தேவ் தோரட் முதலானோர் தில்லி தலைநகர வட்டாரத்தில் மேற்கொண்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, வாடகை வீடு தேடும் தலித்துகளும் முசுலிம்களும் பெயர் அறிந்ததும் மறுக்கப்படுவதையும் கூடுதல் நிபந்தனைகளுக்கு உள்ளாவதையும் பதிவு செய்தது. சென்னையில் திருமணமாகாதவர்களுக்கு வீடு தர மறுப்பது வெளிப்படையாகவே நடைபெறுகின்றது. 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையில் ஈடுபட்டதாகச் சொல்லப்பட்ட ஐவர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து குடியிருப்போரின் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல்நிலையத்தில் அளிக்க வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை ஆணையிட்டது. சேர்ந்து தங்கும் இளைஞர்கள், குறிப்பாக வட மாநிலத்தவர், ஐயத்துடன் பார்க்கப்படுவது இதனால் மிகுந்தது.

நிலையான அறைத்தோழர் சிக்கல்

ஒத்துப்போகும் இணைகளை அமைப்பது கணிதத்திலும் கணினியியலிலும் ஆராயப்பட்ட ஒரு சிக்கல் ஆகும். டேவிட் கேல், லாயிட் சாப்ளி ஆகியோர் 1962இல் வெளியிட்ட கட்டுரையில், இரு வேறு தரப்பினரை (மாணவர்–கல்லூரி போல) இணைக்கும்போது நிலையான தீர்வு எப்போதும் உண்டு என்று நிறுவினர். நிலையான தீர்வு என்பது, தத்தம் இணையைக் கைவிட்டு ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்க விரும்பும் இருவர் எங்கும் இல்லாத நிலை. ஆனால் ஒரே தரப்பினரை அறைக்கு இருவராகப் பிரிக்கும்போது அத்தகைய தீர்வே இல்லாமல் போகலாம் என்பதையும் அதே கட்டுரை காட்டியது.

நால்வரை எடுத்துக்கொள்வோம். அன்பு முதலில் விரும்புவது பாரியை, அடுத்து செழியனை. பாரி முதலில் விரும்புவது செழியனை, அடுத்து அன்பை. செழியன் முதலில் விரும்புவது அன்பை, அடுத்து பாரியை. மூவருக்கும் கடைசி விருப்பம் திலகன். அன்பும் திலகனும் ஓர் அறை, பாரியும் செழியனும் ஓர் அறை என வைத்தால், செழியன் பாரியை விட்டு அன்பிடம் செல்ல விரும்புவார். திலகனிடமிருந்து தப்ப அன்பும் உடனே இசைவார். இப்போது பாரி திலகனுடன் சிக்குகின்றார். அவர் அன்பை அழைப்பார். பாரியே தன் முதல் விருப்பம் என்பதால் அன்பு செல்வார். இப்போது செழியன் திலகனுடன். அவர் பாரியை அழைக்க, பாரி மகிழ்ந்து செல்ல, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகின்றோம். எவ்வாறு பிரித்தாலும் ஓர் இணை உடையும். இதில் நால்வருள் எவரும் தீயவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. கல்லூரி விடுதியில் ஆண்டுத் தொடக்கத்தில் அறை மாற்றக்கோரி வரும் விண்ணப்பங்களைக் கண்ட விடுதிக் காப்பாளர்களுக்கு இச்சுழற்சி புதிதாக இராது.

தரப்பட்ட விருப்பப் பட்டியல்களுக்கு நிலையான தீர்வு உண்டா என்பதைக் கண்டறிந்து, இருப்பின் அதனைத் தரும் விரைவான படிமுறையை ராபர்ட் இர்விங் 1985இல் வெளியிட்டார். அறைக்கு மூவர் என்று வந்துவிட்டால் சிக்கல் கணினிக்கும் கடினமாகிவிடுகின்றது. இணைப்புக் கோட்பாட்டுக்கான பணிகளுக்காகச் சாப்ளிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது.

குலுக்கலில் சேர்ந்த அறைத்தோழர்கள்

விரும்பித் தேர்ந்தவர்களைவிடக் குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றியே நம்பத்தக்க ஆய்வுகள் மிகுதியாக உள்ளன. அங்குதான் ஒருவரின் தாக்கத்தை மற்றவரிடம் பிரித்தறிய முடியும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் அவ்வாறு அறை ஒதுக்கப்பட்ட மாணவர்களை ஆராய்ந்து புரூசு சசர்டோட் 2001இல் வெளியிட்ட கட்டுரை, அறைத்தோழரின் தாக்கம் மதிப்பெண்களிலும் மாணவர் சங்கங்களில் சேரும் முடிவிலும் தெரிவதாகவும், பட்டப்படிப்பின் முதன்மைப் பாடத் தேர்வில் அவ்வாறு தெரியவில்லை என்றும் காட்டியது. கறுப்பின அறைத்தோழருடன் குலுக்கலில் சேர்க்கப்பட்ட வெள்ளையின மாணவர்கள் பிற்காலத்தில் இட ஒதுக்கீடு போன்ற கொள்கைகளுக்குக் கூடுதல் ஆதரவு காட்டினர் என்று 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவித்தது. முதலாண்டு மாணவர்கள் அறைத்தோழரைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறையை டியூக் பல்கலைக்கழகம் 2018இல் கைவிட்டது. இணையத்தில் முன்கூட்டியே தேடித் தம்மைப் போன்றவர்களுடனேயே மாணவர்கள் சேர்கின்றனர் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

தமிழ்நாட்டின் கல்லூரி விடுதிகளில் அகர வரிசையிலோ சேர்க்கை வரிசையிலோ அறை ஒதுக்கும்போது ஏறத்தாழ இதே விளைவு ஏற்படுகின்றது. ஆரணிக்காரர் நாகர்கோவில்காரரின் பேச்சு வழக்கைக் கற்றுக்கொள்ளும் இடம் அதுவே.

சேர்ந்து வாழும் ஏற்பாடுகள்

பணம் குறித்த ஏற்பாடு முதன்மையானது. பலரும் பின்பற்றுவது மாத இறுதிக் கணக்கு முறை. எடுத்துக்காட்டாக, ஒரு மாதத்தில் அன்பு 4,200 ரூபாயும் பாரி 1,500 ரூபாயும் செழியன் 600 ரூபாயும் பொதுச் செலவு செய்துள்ளனர் எனில் மொத்தம் 6,300, ஆளுக்கு 2,100. பாரி 600 ரூபாயும் செழியன் 1,500 ரூபாயும் அன்புக்குத் தந்தால் கணக்கு நேராகும். சிக்கல் பெருக்கல் வகுத்தலில் இல்லை. எது பொதுச் செலவு என்பதில்தான் உள்ளது. பத்து நாட்கள் ஊருக்குச் சென்றவர் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் பங்கு தரவேண்டுமா? ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த அரிசிப்பைக்கு விலை உண்டா? வாடகை, இணைய இணைப்பு, துப்புரவுப் பணியாளர் ஊதியம் ஆகியவற்றைத் தலைக்குச் சமமாகவும், உணவுச் செலவை உண்ட நாட்களின் எண்ணிக்கைப்படியும் பிரிப்பது பெரும்பாலான அறைகளில் ஒத்துவருகின்றது.

மின்கட்டணம் தனி வகை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகின்றது. 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. பயன்பாடு கூடக் கூட அலகின் விலையும் உயர்கின்றது. எனவே ஒருவர் வாங்கி மாட்டும் குளிரூட்டி அவர் பங்கை மட்டுமின்றி அனைவரின் அலகு விலையையும் ஏற்றிவிடும். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் அறையைக் காலி செய்பவர் தம் பங்கைத் தராமல் செல்வதும் உண்டு. வெளியேறும் நாளில் மின்னளவியின் எண்ணைக் குறித்துக்கொள்வதே இதற்கு எளிய தீர்வு.

அறைகள் ஒரே அளவில் இல்லாத வீட்டில் வாடகையைச் சமமாகப் பிரிப்பது நியாயமாக இராது. இணைந்த குளியலறை உள்ள அறைக்கும் சமையலறையை ஒட்டிய அறைக்கும் ஒரே வாடகை எனில் யார் பின்னதை ஏற்பார்? வாடகையை ஏதேனும் ஒரு விதத்தில் பிரித்தால், ஒவ்வொருவரும் வெவ்வேறு அறையையே விரும்பும் நிலையை அடைய முடியும் என்பதைச் சில எளிய நிபந்தனைகளின் கீழ் கணிதவியலாளர் பிரான்சிசு சு 1999இல் நிறுவினார். நடைமுறையில் இதனைச் சிறு ஏலமாகச் செய்யலாம்: நல்ல அறைக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று கேட்டு, எவரும் அறை மாற விரும்பாத இடத்தில் நிறுத்த வேண்டும். நகரத்தாரின் ஏலச்சீட்டை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நேரம் குறித்த பிணக்கு பணத்தைவிடக் கடினமானது. அதனைக் கணக்கில் நேர்செய்ய இயலாது. இரவுப் பணியாளரும் பகற்பணியாளரும் ஒரே அறையில் இருக்கும்போது ஒருவரின் காலை மற்றவரின் நள்ளிரவாகும். அறையைப் பார்க்க வருபவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்?" என்று கேட்பது பயனுள்ளது. வேலை நேரம், தொலைபேசியில் உரக்கப் பேசும் வழக்கம், புகைபிடித்தல், மது, விருந்தினர் வருகை, புலால் சமைத்தல், வழிபாடு, முன்பணம் யார் பெயரில் உள்ளது என்பன முதல் சந்திப்பிலேயே பேசிவிடத் தக்கவை. கூச்சத்தால் பேசாமல் விடப்படுபவையே பின்னர் வெடிக்கின்றன. உடைந்த குழாயையும் காலியான எரிவாயு உருளையையும் பற்றி எழுதிச் சுவரில் ஒட்டும் தாள் பல அறைகளில் நல்லுறவைக் காத்துள்ளது. ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டு ஒட்டும் தாள் அதனை முறித்தும் உள்ளது.

துப்புரவில் முறைவைத்துச் செய்வது எளிதாகத் தோன்றினாலும், அழுக்கு எப்போது அழுக்காகத் தெரிகின்றது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மூன்றாம் நாளே பாத்திரம் கண்ணில் படுபவர் எப்போதும் கழுவுபவராகவும், பத்தாம் நாள் படுபவர் எப்போதும் கழுவாதவராகவும் ஆகிவிடுகின்றனர். இயன்றவர்கள் பணியாளரை அமர்த்திச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

சட்ட நிலை

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். உரிமையாளரின் எழுத்து வழி இசைவின்றி உள்வாடகைக்கு விடலாகாது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்றும் அது கூறுகின்றது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பின், சட்டத்தின் பார்வையில் ஏனையோர் விருந்தினரோ உள்வாடகைதாரரோ ஆவர். முன்பணத்தில் தம் பங்கைத் திரும்பப் பெறுவது முதலாமவரின் நல்லெண்ணத்தைச் சார்ந்ததாகிவிடும். அனைவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பதும், முன்பணத்தை வங்கி வழியாகச் செலுத்துவதும் இதனைத் தவிர்க்கும்.

விடுதிக் கட்டணத்தின் மீது சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கலாமா என்ற வழக்கில், பணிபுரியும் பெண்களுக்கான விடுதிகளுக்கு விலக்கு உண்டு என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் தங்குவோரிடம் ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை பெறப்படும் தங்குமிடக் கட்டணத்துக்கு விலக்களிக்க, அதே ஆண்டு சூனில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் பரிந்துரைத்தது.

பெண்களின் அறை வாழ்க்கை

மேன்சன் ஆண்களுக்கானது. பெண்கள் சேர்ந்து வீடு எடுப்பதற்கு உரிமையாளர், அண்டை வீட்டார், பெற்றோர் என மூன்று தரப்பின் தடைகள் இருந்தமையால் பெரும்பாலோர் விடுதிகளையே நாடினர். விடுதியில் வாயில் பூட்டும் நேரம், வார இறுதியில் வெளியே தங்க வீட்டாரின் இசைவு ஆகிய விதிகள் வழக்கமானவை. அறைத்தோழி யார் என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் காப்பாளரே.

பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 2014இல் இயற்றப்பட்டது. அதன்படி இத்தகைய விடுதிகள் உரிமம் பெறுதல் கட்டாயம். ஆயினும் உரிமமின்றி இயங்கியவை பல. 2018 திசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் மறைகாமிராக்கள் கண்டுபிடிக்கப்பட்டு அதனை நடத்தியவர் கைது செய்யப்பட்டார். அங்கு தங்கியிருந்த பெண்களே அவற்றைக் கண்டறிந்தனர். அதன் பின்னரே பதிவு செய்யாத விடுதிகள் மீதான நடவடிக்கைகள் தீவிரமாயின. அரசு சார்பில் பணிபுரியும் மகளிருக்காக நடத்தப்படும் "தோழி" விடுதிகள் 2023 முதல் பல நகரங்களில் திறக்கப்பட்டுள்ளன. குறுகிய காலத்துக்கும் அங்கு தங்கலாம் என்பதால் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றுக்காக வருவோரும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

திரைப்படங்களில்

கே. பாலச்சந்தர் இயக்கிய வறுமையின் நிறம் சிவப்பு (1980), தில்லியில் ஓர் அறையைப் பகிர்ந்து வேலை தேடும் மூன்று தமிழ் இளைஞர்களைப் பற்றியது. பசியும் கடனும் நட்பை எவ்வாறு இழுத்துப் பார்க்கின்றன என்பதை அது காட்டியது. பாலாஜி சக்திவேலின் காதல் (2004) திரைப்படத்தில் மதுரையிலிருந்து ஓடிவரும் காதலர்கள் அடைக்கலம் தேடி வருவது சென்னை மேன்சன் ஒன்றில் தங்கியிருக்கும் நண்பரிடம். பெண்ணுக்கு இடமில்லாத அக்கட்டடத்தின் விதி கதையின் போக்கிலேயே குறுக்கிடுகின்றது. வசந்தபாலனின் அங்காடித் தெரு (2010), சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஊழியர்கள் நெருக்கியடித்து உறங்கும் கூடத்தைக் காட்டியது. அங்குத் தங்குமிடத்தைத் தருபவர் முதலாளியே. வேலை போனால் படுக்கும் இடமும் போய்விடும்.